தாலமஸின் மேல் பூசும் வண்ணம்

இந்த மாதமும் ஓர் ஆய்வேடு பார்வைக்கு வந்தது. முடிவுகள் அத்தியாயத்தில் ஒரு முப்பரிமாணப் படம்: கண்ணாடி மூளைக்குள் இடது தாலமஸ் (மூளையின் ஆழத்தில் இருக்கும் ஓர் உறுப்பு) முழுக்கச் சிவப்பாகப் பளபளக்கிறது. கீழே ‘இடது தாலமஸில் கூடுதல் செயல்பாடு’ என்று ஒரே வரி. அதற்குள் எந்த உட்கரு (நரம்பணுத் திரள்) என்று இல்லை, ஆயத்தொலைவு (இடத்தைக் குறிக்கும் எண்கள்) இல்லை, பேருக்கு ஒரு குறுக்குவெட்டுப் படம்கூட இல்லை. ஸ்கேன் ஒழுங்காக எடுத்திருக்கிறார்கள், புள்ளியியலிலும் பெரிய குறை இல்லை. படம் போடும் இடத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. மூளைப் படங்களைச் சரிபார்ப்பதே தொழில் என்பதால், இனியும் சும்மா இருக்க மனம் வரவில்லை.

தவறு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். மூளையின் வெளிப்புறணி ஏறக்குறைய 2 முதல் 4 மி.மீ தடிமனுள்ள தாள். மடித்து மடித்து மண்டைக்குள் அடைத்திருக்கிறது. அந்தத் தாளை விரித்து அதன்மேல் முடிவுகளை வண்ணமாகக் காட்டுவது நியாயமான வேலை, ஏனென்றால் அங்கே பரப்புதான் உறுப்பு. ஃப்ரீசர்ஃபர் போன்ற மென்பொருள்கள் இதைப் பழக்கமாக்கிவிட்டன. அதே பழக்கத்தில் தாலமஸையும், காடேட், புட்டமென் என்ற மற்ற ஆழ்மூளை உறுப்புகளையும் மெஷ் (முக்கோணங்களால் ஆன பரப்பு வலை) ஆக்கி வண்ணம் பூசுகிறோம். இவை தாள் இல்லை, திரண்ட கட்டிகள். தாலமஸுக்குள் பார்வைக்கு, கேட்டலுக்கு, தொடு உணர்வுக்கு, நினைவுக்கு என்று தனித்தனி உட்கருக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சென்ட்ரோமீடியன் உட்கரு நடு வயிற்றில் புதைந்து கிடக்கிறது. அங்கே உண்மையான மாற்றம் இருந்தாலும் மேல்பரப்பில் ஒரு புள்ளி வண்ணம்கூட விழாமல் போகலாம். பூசணிக்காயின் தோலுக்குச் சாயம் பூசிவிட்டு உள்ளே எந்த விதை அழுகியது என்று காட்டுவதைப் போன்ற வேலை இது.

இன்னும் மோசமான விஷயம், மெஷ் முனைப்புள்ளி எங்கே உட்காருகிறது என்பது. சரியாக உறுப்பின் எல்லையில். காடேட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் உட்பக்கம் பக்கவாட்டு நீரறையை ஒட்டி இருக்கிறது. 3 மி.மீ வோக்சலில் (படத்தின் மிகச்சிறிய கனக் கட்டம்) எடுத்த எஃப்எம்ஆர்ஐயில் (மூளைச் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன்), எல்லைப் புள்ளியின் மதிப்பை, அதைச் சுற்றியுள்ள எட்டு வோக்சல்களிலிருந்து கணிக்கும்போது, அதில் பாதி மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம். அந்த நீரோ இதயத் துடிப்போடு துடிக்கிறது. ஆக, முழு உறுப்பிலும் மிக நம்பத்தகாத இடத்தைத் தேடிப்பிடித்து, அதையே கண்ணுக்கு அழகான நிறமாக்குகிறோம். அதற்குமுன் 8 மி.மீ மழுக்கலும் (பக்கத்து மதிப்புகளோடு சராசரியாக்குவது) செய்திருந்தால் பக்கத்து உறுப்பின் சமிக்ஞையும் அதற்குள் கலந்துவிட்டிருக்கும். சப்தாலமிக் உட்கரு போன்ற சிறியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐந்தாறு வோக்சலுக்குள் அடங்கிவிடும் உறுப்பு அது. அதற்கு ஆயிரம் முக்கோணங்களில் மெஷ் போட்டால் தரவின் துல்லியம் கூடிவிடுமா?

அப்புறம், முழு உறுப்பும் ஒரே நிறமாக வரும் படங்கள். எனிக்மா டூல்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஆழ்மூளைப் படம் போட, ஓர் உறுப்புக்கு ஓர் எண் கொடுக்கிறோம்: பக்கத்துக்கு ஏழு உறுப்புகள், நீரறைகளையும் சேர்த்தால் மொத்தம் 16 எண்கள். கன அளவு வேறுபாட்டைக் காட்ட அது நல்ல கருவி. ஆனால் அங்கே நிறம் உறுப்பின் சராசரியைச் சொல்கிறது; ‘உறுப்பு முழுக்க மாறியிருக்கிறது’ என்று சொல்லவில்லை. எஃப்எஸ்எல் ஃபர்ஸ்ட் என்ற மென்பொருள் தரும் வடிவ ஆய்விலோ, ஒவ்வொரு புள்ளியின் நிறமும் சராசரி வடிவத்திலிருந்து பரப்பு எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளியிருக்கிறது என்பதைச் சொல்வது. அங்கே பரப்பில் வண்ணம் போடுவது முழுக்கச் சரி, கேள்வியே பரப்பைப் பற்றியது. செயல்பாட்டுப் படம், சராசரிப் படம், வடிவப் படம் ஆகிய மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மூன்றின் பொருளும் வேறு. படக்குறிப்பில் எது என்று எழுதாவிட்டால் யார் கண்டார்கள்?

நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸுக்கு மட்டும் ஒரு விலக்கு. அது உண்மையில் சுருண்ட புறணித் தாள்; ஹிப்அன்ஃபோல்டு போன்ற கருவிகள் அதை விரித்துக் காட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் 1 மி.மீ சாதாரண எம்ஆர்ஐயை வைத்துக்கொண்டு அதன் உட்பிரிவு எல்லைகளைப் பற்றி வாதாடாதீர்கள். அந்தக் கோடுகளில் பெரும்பகுதி அட்லஸின் (முன்கூட்டியே வரைந்த பொது மூளை வரைபடம்) ஊகம். உங்கள் நோயாளியின் படத்தில் அவை தெரிவதில்லை.

மூளை இணைப்புகளை ஆராயும் மனித கனெக்டோம் திட்டத்தின் சிஃப்டி கோப்பை (மூளைத் தரவைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) பாருங்கள். புறணிக்குப் பரப்புப் புள்ளிகள். ஆழ்மூளைக்கும் சிறுமூளைக்கும் 2 மி.மீ வோக்சல்கள், 31,870. யோசித்துத்தான் அப்படிப் பிரித்திருக்கிறார்கள். அதையே பின்பற்றுங்கள். முதலில் மூன்று திசைக் குறுக்குவெட்டுகள், அவரவர் எம்ஆர்ஐயின் மேல். இடது எது, வலது எது என்று படத்தில் எழுதியிருக்கட்டும். மெஷ்ஷும் முடிவு வரைபடமும் ஒரே ஆயவெளியில் (ஆயத்தொலைவு முறையில்) உள்ளனவா என்று பாருங்கள். எம்என்ஐ305, எம்என்ஐ152 என்ற இரு பொது மூளை வார்ப்புகளுக்கு இடையே உள்ள சில மி.மீ விலகல் புறணியில் மன்னிக்கப்படலாம், ஆழ்மூளையில் உட்கருவே மாறிவிடும். வானவில் நிற அட்டவணையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், இல்லாத எல்லைகளை அது உண்டாக்குகிறது. புள்ளியியல் வரம்புக்குக் கீழே இருப்பதையும் மங்கலாகக் காட்டுங்கள். நிறமில்லாத இடம் ‘மாற்றம் இல்லை’ என்று ஆகிவிடாது. இதெல்லாம் முடிந்த பிறகு, இடம் புரிவதற்காக மட்டும், முப்பரிமாணப் படம் ஒன்று போடுங்கள்.

நோயாளிகளின் வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அறிக்கையோடு வரும் வண்ணப் படத்தைப் பார்த்து, ‘அம்மாவின் ஹிப்போகேம்பஸ் சிவந்திருக்கிறதே, ரத்தக் கசிவா?’ என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். சிவப்பு என்பது மென்பொருள் தேர்ந்தெடுத்த நிறம். அம்மாவின் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் அளவு குறைவு என்பதைத்தான் பெரும்பாலும் அது சொல்லும். பயப்படாமல் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: கன அளவு எவ்வளவு, யாரோடு ஒப்பிட்டார்கள், கறுப்பு வெள்ளைப் படத்தில் அது கண்ணுக்குத் தெரிகிறதா.