பரோல்: ஒரே சொல்லில் மூன்று சங்கதி

அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒருவருக்கு 25 ஆண்டு சிறை விதித்தது என்று செய்தி வந்தால், நம்மில் பலர் கேட்பது "சரி, பரோலில் எப்போது வருவார்?" என்பதுதான். வரமாட்டார். 1987 நவம்பர் 1 முதல் நடந்த குற்றங்களுக்கு அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டத்தில் பரோலே கிடையாது. மாநிலச் சட்டங்கள் வேறு. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் இன்றும் உண்டு.

பரோல் பிரெஞ்சுச் சொல். பொருள்: சொல், பேச்சு. கிரேக்கத்தில் 'பரபொலே' என்றால் ஒப்புமை. அது லத்தீனில் 'பரபோலா' ஆகி, மக்கள் வாயில் தேய்ந்து 'பரோல்' ஆனது. நாடாளுமன்றத்தைக் குறிக்கும் 'பார்லிமென்ட்'டும் இதே குடும்பம்தான். போரில் பிடிபட்ட அதிகாரி "இனி உங்களுக்கு எதிராக ஆயுதம் எடுக்கமாட்டேன்" என்று மானத்தின் மேல் வாக்குக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். அந்த வாக்குக்குப் பெயர் பரோல். பின்னால் சிறைக்கும் அந்தச் சொல் வந்தது. 1840இல் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நார்ஃபோக் தீவின் சிறைக்குப் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் மகொனோகி, நன்றாக நடக்கும் கைதிக்கு மதிப்பெண் போட்டு, அதைக் கொண்டு விடுதலையை நெருங்கவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த யோசனை அயர்லாந்து வழியாக அமெரிக்கா போனது. 1910இல் கூட்டாட்சிச் சிறைகளுக்கும் பரோல் சட்டமானது.

தமிழ்நாட்டில் நாம் பரோல் என்பது இதுவல்ல. மகள் கல்யாணத்துக்காக 2019இல் ராஜீவ் கொலை வழக்குக் கைதி நளினி வேலூர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது பத்திரிகைகள் 'பரோல்' என்றே எழுதின. சட்டத்தில் அது சாதாரண விடுப்பு. 1982ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி தருவது. நாள் முடிந்தால் சிறைக்குத் திரும்பியாக வேண்டும். அமெரிக்கப் பரோலில் திரும்பும் பேச்சே இல்லை; நிபந்தனையை மீறாதவரை மீதித் தண்டனையை வெளியிலேயே கழிக்கலாம்.

அப்படிப்பட்ட ஏற்பாட்டை ஏன் ஒழித்தார்கள்? பழைய முறையில் நீதிபதி 15 ஆண்டு என்பார். மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் கைதி பரோல் கேட்கலாம். கிடைப்பதும் கிடைக்காததும் பரோல் குழுவின் கையில். ஒரே குற்றத்துக்கு ஒரு நீதிபதி 3 ஆண்டு தருவார், பக்கத்து அறை நீதிபதி 12 ஆண்டு தருவார். இது சட்டமே இல்லை என்று 1970களில் கடுமையாக எழுதியவர் மார்வின் ஃபிராங்கெல். அவரே கூட்டாட்சி நீதிபதி. கைதியை எத்தனை நாள் வதைப்பது என்று இடதுசாரிகளுக்குக் குறை. குற்றவாளி சீக்கிரம் வந்துவிடுகிறான் என்று வலதுசாரிகளுக்குக் குறை. செனட்டில் இடதுபக்கம் சாய்ந்த எட்வர்ட் கென்னடியும் வலதுபக்கத்து ஸ்ட்ரோம் தர்மண்டும் ஒரே மசோதாவுக்குப் பின்னால் நின்றார்கள் என்றால் பாருங்கள். 1984இல் தண்டனைச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. நீதிபதியின் கையில் ஓர் அட்டவணையைக் கொடுத்தார்கள்: கீழ்நோக்கிக் குற்றத்தின் கடுமை 43 படி, குறுக்கே முன்குற்ற வரலாறு 6 வகை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் தண்டனை மாதக்கணக்கில் இருக்கும்.

நியாயம் வந்ததா? என் பார்வையில் பாதிதான். இரண்டே ஆண்டில், 1986இல், போதைப்பொருள் சட்டம் வந்தது. கட்டியாக்கிப் புகைக்கும் கொக்கெய்னான கிராக் 5 கிராம் இருந்தால் குறைந்தபட்சம் 5 ஆண்டு. அதே 5 ஆண்டு விழ, தூள் கொக்கெய்ன் 500 கிராம் வேண்டும். கிராக் வழக்குகளில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நீதிபதிக்கு மனம் வராவிட்டாலும் அந்த 5 ஆண்டுக்குக் கீழே இறங்க வழி குறைவு. பிறகு இரங்கிப் பார்க்கப் பரோல் குழுவும் இல்லை. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று முடிவெடுக்கும் அரசு வழக்கறிஞரிடம் அதிகாரம் போய்ச் சேர்ந்தது. 1980இல் சுமார் 25 ஆயிரமாக இருந்த கூட்டாட்சிக் கைதிகள் 2013இல் 2 லட்சத்து 19 ஆயிரம். 2005இல் உச்ச நீதிமன்றம் அட்டவணையை வெறும் ஆலோசனை ஆக்கியது. 2010இல் தூளுக்கும் கிராக்குக்கும் இடையே இருந்த 100க்கு 1 என்ற விகிதம் 18க்கு 1 ஆனது. ஒழியவில்லை.

இப்போது கைதிக்கு முக்கியமாக மிஞ்சியிருப்பது நன்னடத்தைக் கழிவு: ஆண்டுக்கு 54 நாள் வரை. அதிலும் ஒரு கூத்து நடந்தது. சிறைத்துறை தன் கணக்குப்படி 47 நாள்தான் கொடுத்துவந்தது. 2018இல் புதுச் சட்டம் போட்டு அதைத் திருத்தினார்கள். பத்தாண்டு பெற்றவர் இதில் ஒன்றரை ஆண்டு போல மிச்சம் பிடிக்கலாம். வெளியே வந்ததும் கண்காணிப்புக் காலம் தொடங்கும். பரோலுக்கு இன்னொரு பெயர் இது என்று நினைத்துவிடக் கூடாது. பரோல் தண்டனைக்குள் அடங்கியது. கண்காணிப்பு, சிறைவாசம் முடிந்தபின் மேற்கொண்டு ஏற்றுவது. மீறினால் மறுபடி சிறை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'பிணை விடுப்பு' வேண்டாம். பிணை என்பது ஜாமீன். 'நன்னடத்தை விடுதலை'யும் சிக்கல். நன்னடத்தை அலுவலர் என்ற பதவி, குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமலே கண்காணிப்பில் விடும் வேறு ஏற்பாட்டுக்கு ஏற்கெனவே உரியது. சில நாள் வந்து திரும்புவதற்குச் சிறைவிடுப்பு போதும், யாருக்கும் புரியும். அமெரிக்கப் பரோலுக்கு நிபந்தனை முன்விடுதலை என்பேன். முன்விடுதலை நம் சிறைத்துறையில் புழங்கும் சொல்தான். மூன்றாவதற்குத் தண்டனைக்குப் பிந்தைய கண்காணிப்பு. நீளம்தான், ஆனால் தப்பர்த்தம் வராது.

கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரத்தினம் 2011இல் பங்குச் சந்தை வழக்கில் 11 ஆண்டு பெற்று, 2019இல் மன்ஹாட்டன் வீட்டுக்கு வந்தார். அது இந்த மூன்றில் எதுவுமில்லை. 2018ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக்கிய வீட்டுக்காவல். தண்டனை ஓடிக்கொண்டுதான் இருந்தது.