காற்று அடிப்பது ஒரு பக்கம், கட்டடம் ஆடுவது இன்னொரு பக்கம்

"சீனாவில் நிலநடுக்கமே இல்லாமல் ஒரு பெரிய கட்டடம் ஆடியதே, எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஷென்சென் நகரத்தின் ஸெக் பிளாசாவைத்தான் சொல்கிறார். உச்சிக் கம்பத்தோடு சேர்த்து சுமார் 356 மீட்டர் உயரம், கீழ்த்தளங்களில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள். 2021 மே 18 அன்று பட்டப்பகலில் அது குலுங்க, உள்ளே இருந்தவர்கள் அலறியடித்துத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அன்று புயலும் இல்லை. நிபுணர்கள் ஆராய்ந்து கடைசியில் கைகாட்டியது அந்த உச்சிக் கம்பத்தை. காற்றில் கம்பம் அதிர, அந்த அதிர்வு கட்டடத்துக்கும் இறங்கியிருக்கிறது. வருடங்கள் போகப்போக கட்டடத்தின் அதிர்வுத் தன்மை மாறியிருந்ததும் அதற்குத் துணைபோயிருக்கிறது. கம்பத்தைக் கழற்றிவிட்டு செப்டம்பரில் மறுபடி திறந்தார்கள்.

சரி, சாதாரணக் காற்றுக்கு இவ்வளவு வலுவா?

காற்று முகத்தில் மோதித் தள்ளுவதைப் பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் சமாளித்துவிடுவார்கள். வில்லங்கம் பக்கவாட்டில் இருக்கிறது. கட்டடத்தைச் சுற்றி ஓடும் காற்று அதன் மூலையில் சட்டென்று திரும்ப முடியாமல் சுவரை விட்டுப் பிரிந்து, பின்பக்கம் சுருண்டு ஒரு சுழலாகிறது. சுழல் உருவாகும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் கட்டடம் அந்தப் பக்கம் இழுபடும். அந்தச் சுழல் கழன்று போனதும் எதிர்மூலையில் இன்னொன்று கிளம்பும், இழுப்பும் அந்தப் பக்கம் மாறும். இப்படி இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறி, தாளம் தப்பாமல் நடக்கும். அதாவது காற்று தெற்கிலிருந்து அடித்தால் கட்டடம் கிழக்கு மேற்காக ஆடும்! இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

வடிவம் ஒன்றாக இருந்தால், இந்தத் தாளத்தின் வேகம் முக்கியமாக இரண்டு விஷயங்களில் அடங்கியிருக்கிறது: காற்றின் வேகம், பொருளின் அகலம். காற்று வேகமானால் சுழல்கள் அடிக்கடி கழலும், பொருள் அகலமானால் நிதானமாகக் கழலும். 50 மீட்டர் அகலமுள்ள சதுரக் கட்டடத்தில் நொடிக்கு 40 மீட்டர் வேகப் புயல்காற்று அடித்தால் ஒரு முழுச் சுற்றுக்குப் பன்னிரண்டு நொடி சுமாராக வரும். 600 மீட்டர் கோபுரம் இயல்பாக ஒருமுறை ஆடி முடிக்க எடுக்கும் நேரமோ ஒன்பது, பத்து நொடி. இரண்டும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தொட்டுத் தொட்டுத் தள்ளினால் போதுமே, பலமாக உந்த வேண்டியதில்லை, அதே கதைதான். மெல்லிய கம்பத்துக்கு மென்காற்றே போதுமானதாக இருப்பதும் இதே கணக்கால்தான்.

ஷாங்காய் டவருக்கு (632 மீட்டர், 128 மாடி, சீனாவிலேயே உயரமானது) வடிவமைப்பாளர்கள் கண்ட வழி, அந்தத் தாளத்தையே கலைப்பது. மூலைகளை உருட்டி, மேலே போகப்போக அகலத்தைக் குறைத்து, அடியிலிருந்து உச்சிவரை கட்டடத்தை 120 டிகிரி முறுக்கிவிட்டார்கள். ஒவ்வொரு உயரத்திலும் அகலமும் வேறு, காற்றைப் பார்க்கும் முகமும் வேறு என்பதால் நாற்பதாவது மாடியில் சுழல் இடப்பக்கம் இழுக்கும்போது தொண்ணூறாவது மாடியில் வலப்பக்கம் இழுக்கும். ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும். காற்றுச் சுரங்கத்தில் (செயற்கையாகக் காற்றை ஓடவிடும் சோதனைக்கூடம்) சிறிய மாதிரிகளை வைத்துச் சோதித்தே இந்தக் கோணத்தை முடிவு செய்தார்கள். முறுக்கில்லாத கட்டடத்தோடு ஒப்பிட்டால் காற்றுச்சுமை 24 சதவீதம் குறைவு, கட்டுமானப் பொருளில் மிச்சம் சுமார் 5.8 கோடி டாலர்.

இந்தச் சுழல் வரிசைக்குத் தியோடர் வான் கார்மன் என்ற விஞ்ஞானி 1911-ல் கணக்கு எழுதியபோது ஷாங்காயில் இப்படி ஒரு கோபுரம் வரும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. உருளையைச் சுற்றி நீர் எப்படி ஓடுகிறது என்ற கேள்விதான் அவர் முன்னால் இருந்தது. "உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை வெட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்படியும் மிஞ்சுகிற ஆட்டத்துக்கு 125-வது மாடியில் சுமார் 1000 டன் எடையைக் கேபிள்களில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டடம் ஒரு பக்கம் சாய, எடை பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுக்கும். அதன் அடியில் காந்தங்கள், அதற்கும் கீழே செப்புத் தகடு. ஒன்றையொன்று தொடுவதே இல்லை. காந்தம் நகர்ந்தால் செம்பில் மின்னோட்டம் எழும், அந்த மின்னோட்டம் காந்தத்தின் நகர்வையே எதிர்க்கும் (பள்ளியில் படித்த லென்ஸ் விதி). ஆட்டத்தின் ஆற்றல் செம்பில் வெப்பமாகிக் கரைந்துவிடும். வேகமாக ஆடினால் தடையும் கூடும்.

2021-ல் சீன அரசு 500 மீட்டருக்கு மேல் புதிதாகக் கட்டக் கூடாது என்று நிறுத்திவிட்டது. 30 லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் நகரங்களுக்கு வரம்பு 150 மீட்டர். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. தியான்ஜினில் 597 மீட்டருக்கு எழுப்பிய கோபுரம் வருடக்கணக்கில் வேலை முடியாமல் கிடந்ததைப் பார்த்தோமே. அந்தப் பணத்தை, ஏற்கெனவே நிற்கிற கட்டடங்களின் அதிர்வுத் தன்மை எப்படி மாறிவருகிறது என்று கண்காணிக்கச் செலவழிக்கலாம். குவாங்சோவின் 600 மீட்டர் கேன்டன் டவரில் கட்டும்போதே நூற்றுக்கணக்கான உணரிகளை (சென்சார்) பதித்தார்கள். ஸெக் பிளாசா மாதிரி பழைய கட்டடங்களுக்குத்தான் அது அவசரமாகத் தேவை.