பழைய கட்டடத்தில் பட்டறை: எந்தச் சட்டம் எதைக் காக்கும்?

"மச்சான், இது நூறு வருசத்துக் கட்டடம். ஒருத்தரும் கை வைக்க ஏலாது." மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில், இரும்பு கடைகிற லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். தூண் வைத்த விறாந்தை, ஓட்டுக்கூரை, தடித்த சுண்ணாம்புச் சுவர். உள்ளே வள்ளத்து எஞ்சினுக்கு சாஃப்ட் கடைகிற சத்தம். நகரத்தைப் புதுப்பிக்கிறார்கள், றோட்டை அகலமாக்குகிறார்கள் என்று கதை கிளம்பும்போதெல்லாம் சுவரைத் தட்டிக் காட்டிவிட்டு வேலையைத் தொடர்வார்.

அவர் நம்பியது பாதிதான் சரி. சுவரைக் காப்பதற்குச் சட்டம் இருக்கிறது. அதற்குள் நடக்கும் தொழிலை அந்தச் சட்டம் கண்டுகொள்வதில்லை.

முதலில் சுவர். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டம் தொன்மையானது எது என்பதற்கு ஒரு தேதியை எல்லையாக வைத்திருக்கிறது: 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி 1638 இல் ஒல்லாந்தர் பிடித்த நம் கோட்டை அந்த எல்லைக்கு முந்தியது. ஆனால் புளியந்தீவிலும் கோட்டமுனையிலும் நாம் "பழைய கட்டடம்" என்று காட்டுகிற வீடுகள், கடைகள் பலவும் பிரித்தானியர் காலத்தவை. பிந்தியவையையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று அமைச்சர் அறிவிக்கலாம். அதற்கு வர்த்தமானியில் கட்டளை வரவேண்டும். வயது மட்டும் போதாது. அப்படி அறிவித்துவிட்டால், திருத்தவோ மாற்றவோ சேர்த்துக் கட்டவோ தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பட்டறைக்காரருக்கு அது இன்னொரு கடிவாளம்: கூரைக்குத் தகரம் போடுவதற்கும் அனுமதி கேட்கவேண்டி வரும்.

அடுத்தது பாவனை. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின்படி, பிரகடனப்படுத்திய பகுதியில் அபிவிருத்தி வேலை எதற்கும் அனுமதி வேண்டும். மட்டக்களப்பு மாநகரம் அப்படிப்பட்ட பகுதிதான். 'அபிவிருத்தி' என்றவுடன் மாடிக்கட்டடம் நினைவுக்கு வரும். சட்டம் காணியைப் பிரிப்பதையும், கட்டடத்தின் பாவனையை மாற்றுவதையும் அதற்குள் அடக்குகிறது. கடையாக இருந்ததைக் கராஜ் ஆக்கினால் ஒரு செங்கல் வைக்காவிட்டாலும் அனுமதி வேண்டும். விண்ணப்பம் கொடுப்பது பெரும்பாலும் மாநகர சபையில். மருதமுனையில் வீட்டோடு தறி போட்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தலாம். வீட்டுக்கான வழமையான பாவனைக்கு விலக்கு உண்டு, ஆனால் சம்பளத்துக்கு நாலு பேரை வைத்து நெய்துகொண்டு "வீட்டுப் பாவனைதான்" என்று வாதாடுவது கடினம்.

நகரத்துக்கு அபிவிருத்தித் திட்டம் வரையும்போது வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு 60 நாள் வைப்பார்கள். உங்கள் தெரு வர்த்தக வலயமா, குடியிருப்பு வலயமா, கட்ட விடாமல் பேணிக்காக்கும் வலயமா என்பது அதில்தான் தீரும். எழுத்தில் கருத்துக் கொடுக்க அதுதான் நேரம். நம்மில் பலர் படம் சுவரில் தொங்கியதையே பிறகுதான் கேள்விப்படுகிறோம்.

பக்கத்து வீட்டாரோடு வரும் பிரச்சினை பெரும்பாலும் சத்தம். 1996 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதியில் 55, 45. பாடசாலை, வைத்தியசாலை, நீதிமன்றத்திலிருந்து 100 மீற்றருக்குள் இன்னும் குறைவு. அளப்பது உங்கள் காணி எல்லையில். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று, சட்டத்துக்கு இரவு மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது. அவசர வேலை என்று ஆறரைக்கு கிரைண்டரைப் போட்டால் நீங்கள் இரவுக் கணக்கில் நிற்கிறீர்கள்.

சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் இதோடு சேர்ந்தது. சிறு தொழில்களுக்கு உள்ளூராட்சி மன்றம் கொடுக்கும், பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை. 2008 பட்டியலில் சாதாரண கராஜ் மன்றத்தின் கையில் இருந்தது, ஸ்பிரே பெயின்ட் சேர்த்தால் அதிகாரசபைக்குப் போனது. வியாபார அனுமதிப்பத்திரம் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள், இரண்டும் வேறு.

இனி நண்பரின் முகம் மாறிய இடத்துக்கு வருகிறேன். அரசு பொதுத் தேவைக்குக் காணி எடுப்பது 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி. முதலில் 2 ஆம் பிரிவு அறிவித்தல், பிறகு நில அளவையாளர் வருவார். 4 ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் எழுத்தில் ஆட்சேபிக்கலாம், அதற்குக் குறைந்தது 14 நாள் தருவார்கள். 7 ஆம் பிரிவில் நட்டஈட்டுக்கு உரித்துக் கோரவேண்டும். உரித்துடையவர் யார் என்று சட்டம் சொல்கிறது: உரிமையாளர், ஈடு பிடித்தவர், குத்தகைக்காரர். மாத வாடகைக்காரரை வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது.

"எனக்கு அஞ்சு வருச எக்ரிமெண்ட் இருக்கே" என்றார் நண்பர். பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துக் காட்டினார். முத்திரை ஒட்டி, வீட்டுக்காரரும் இவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்து வைத்திருந்தார்கள். ஓரத்தில் ஒயில் பட்ட பெருவிரல் அடையாளம். உறுதி எழுதும் நொத்தாரிசின் ஒப்பம் மட்டும் இல்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் குத்தகையாகச் செல்லாது. அப்படியானால் இருபது வருசம் இருந்தாலும் அவர் மாத வாடகைக்காரர்தான். நட்டஈட்டு விசாரணையில் வீட்டுக்காரருக்குக் கதிரை, அவருக்கு வாங்கில்கூட இல்லை.

குத்தகை செல்லுபடியானால் தொழில் வருமான இழப்புக்கும் கேட்கலாம். அதற்கு, 7 ஆம் பிரிவு அறிவித்தலுக்கு முந்திய மூன்று வருடக் கணக்குப் புத்தகத்தைக் காட்டவேண்டும். சோக்கட்டியால் கதவில் எழுதி அழிக்கிற கணக்கு இங்கே எடுபடாது.

உங்கள் தெருவுக்கு ஏதும் திட்டம் இருக்கிறதா என்று தேநீர்க்கடையில் விசாரிப்பதைவிட, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகர சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கும் தனித்தனியே விண்ணப்பியுங்கள். 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். தெருப்பெயர், ஆதன இலக்கம், வலயம், காணி எடுக்கும் அறிவித்தல் ஏதும் உண்டா என்று நேராகக் கேளுங்கள். "அபிவிருத்தி பற்றிய விபரம்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

நண்பரின் வீட்டுக்காரர் இப்போது கனடாவில். குத்தகையை நொத்தாரிசிடம் எழுத அங்கிருந்து அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரம், வரவேண்டும், அதற்குத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுவரை மெயின் வீதியில் ஒரு தடித்த மட்டைக் கணக்குப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, ஒரு வள்ளத்து சாஃப்ட்டுக்கு வாங்கிய கூலியை எழுதியிருக்கிறார்.