ஆயிரம் பேருக்கு ஒரே முகம்

கரூரிலிருந்து ஒரு தமிழாசிரியை எழுதியிருந்தார். அவருடைய தம்பி மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். வீட்டுக்கு யாராவது வந்தால் "வாங்க" என்று சொல்லக்கூடக் கூச்சப்பட்டு மாடிக்கு ஓடிவிடுகிற பிள்ளை. தற்செயலாக அவன் போனைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. பிடித்த நடிகரின் படம்தான் டி.பி., ஐடியின் பெயரிலும் நடிகர் பெயர், அதிலிருந்து எதிர் நடிகரின் ரசிகர்களை அவன் திட்டியிருந்த வார்த்தைகளைத் தன்னாலேயே எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது என்கிறார். "முகம் தெரியாது என்கிற தைரியம்தானே சார் இது? எல்லா ஐடியையும் ஆதாரோடு இணைத்துவிட்டால் சரியாகிவிடும் இல்லையா?"

ஆகாது. தென் கொரியா இதைச் செய்து பார்த்துவிட்டது. 2007-இல் பெரிய இணையதளங்களில் கருத்து எழுத அடையாள எண்ணைக் காட்டவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2012-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டத்தால் வசவு குறைந்ததாகத் தெரியவில்லை என்பதும் நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. நடுவில் 2011-இல் ஒரு இணையத் திருட்டில் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் வெளியே போனதுதான் மிச்சம்.

அப்படியென்றால் அந்தப் பையனுக்கு என்னதான் ஆகிறது? முதலில் தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடுவோம். மனிதனைக் கூட்டம் சேர்க்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளிப் பையன்களிடம் சில ஓவியங்களைக் காட்டி, நீ இந்த ஓவியரை ரசிக்கும் கட்சி, நீ அந்த ஓவியரை ரசிக்கும் கட்சி என்று பிரித்தார். பிரித்தது உண்மையில் குருட்டாம்போக்கில்தான். அப்புறம் காசாக மாற்றக்கூடிய புள்ளிகளைப் பிறருக்குப் பங்கிடச் சொன்னார், தனக்கே கொடுத்துக்கொள்ள முடியாது. நம்ம ஆளுக்கு 19, எதிராளிக்கு 25 என்று போகலாம், அல்லது நம்ம ஆளுக்கு 7, எதிராளிக்கு 1 என்று போகலாம், நடுவிலும் நிற்கலாம். பையன்கள் பலர் தங்கள் கட்சிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாவது எதிராளியைவிட ஒரு படி மேலே நிற்கிற பக்கமாகவே சாய்ந்தார்கள். முதல் நாள் வசூல் சண்டையை ஒரு முறையாவது பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 1976-இல் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கவனித்தது இன்னொன்று. பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி ஜெயித்தால் மாணவர்கள் "நாங்க ஜெயிச்சோம்" என்றார்கள், தோற்றால் "அவங்க தோத்துட்டாங்க". ஓடினால் நம்ம படம், படுத்தால் டைரக்டர் கெடுத்துட்டான், அவ்வளவுதான்.

சரி, முகமூடிக்கு வருவோம். இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த சோதனை இங்கேதான் இருக்கிறது.

கூட்டத்தில் கரைந்தால் மனிதன் தன்னை இழந்து மிருகமாகிவிடுவான் என்பது 1895-இல் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ பான் எழுதியதிலிருந்தே புழங்கும் நம்பிக்கை. 1969-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிலிப் ஜிம்பார்டோ வெளியிட்ட சோதனை அதற்குச் சான்று மாதிரி அமைந்தது. முகத்தை மூடும் தலைச்சீலை போட்ட மாணவிகள், பெயர் அட்டை குத்தியிருந்த மாணவிகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் இன்னொருத்திக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள் (உண்மையில் மின்சாரம் பாயவில்லை, எதிரே இருந்தவர் நடித்தார்). ஆசிரியை சொல்வதும் இதைத்தான்.

பத்து வருடம் கழித்து, 1979-இல், ஜான்சன், டவுனிங் என்ற இருவர் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்கள்: அந்தத் தலைச்சீலை பார்க்க எப்படி இருந்தது? கறுப்பர்களைக் கொன்று குவித்த கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலின் வெள்ளைக் கூம்பு மாதிரிதானே இருந்தது! அதனால் மாணவிகள் 60 பேரை அழைத்து, பாதிப் பேருக்கு அந்தக் கும்பலின் உடுப்பை நினைவூட்டும் அங்கியையும் மீதிப் பேருக்கு நர்ஸ் உடுப்பையும் கொடுத்தார்கள். அங்கிக்காரிகளிடம் எனக்குத் தைக்கத் தெரியாது, ஏதோ க்ளான் ஆள் மாதிரி வந்துவிட்டது என்று வழிந்தார்களாம். நர்ஸ் உடுப்புக்கு, ஆஸ்பத்திரியில் இரவல் கிடைத்தது என்று ஒரு கதை. ஒவ்வொரு பிரிவிலும் சிலரை இன்னார் என்று அடையாளம் தெரியும்படியும் சிலரைத் தெரியாதபடியும் வைத்தார்கள். தப்புச் செய்பவருக்குக் கொடுக்கும் அதிர்ச்சியைக் கூட்டலாம், குறைக்கலாம், அவரவர் இஷ்டம்.

அங்கி போட்டவர்கள் அதிர்ச்சியைக் கூட்டினார்கள், அடையாளம் மறைந்தபோது இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். நர்ஸ் உடுப்பில் அடையாளம் மறைந்தவர்களோ அதிர்ச்சியை நன்றாகவே குறைத்தார்கள்! முகம் தெரியாமல் போனதால் அவர்களுக்கு இரக்கம் கூடிவிட்டது.

முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குக் குலசேகரன்பட்டினம் தசராதான் ஞாபகத்துக்கு வந்தது. காளி வேஷம் போட்டவர் விரதத்தோடு விறைப்பாக நடப்பார். குரங்கு வேஷம் போட்டவர், ஊரில் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், கார்க் கண்ணாடியைத் தட்டிச் சேட்டை பண்ணிக் காசு கேட்பார். வேஷத்துக்குள் அம்மன் இறங்குகிறாள் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சாயத்துக்கு அடியில் இருப்பவர் காணாமல் போவதில்லை, போட்ட வேஷத்துக்கு உரிய ஆசாரத்துக்கு மாறிக்கொள்கிறார் என்பது அந்தக் கடற்கரையில் நிற்கிற எவருக்கும் தெரியும். ஸ்டீஃபன் ரைஷர், ரஸ்ஸல் ஸ்பியர்ஸ், டாம் போஸ்ட்மெஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1995-இல் கோட்பாடாக எழுதியதும் ஏறக்குறைய இதே விஷயம். நமக்குள் 'நான்' ஒன்று உண்டு, 'நாங்க' ஒன்று உண்டு. முகம் மறைந்தால் 'நான்' பின்னால் போகிறது. 'நாங்க' என்று ஒன்று பக்கத்தில் தயாராக இருந்தால் அது முன்னால் வருகிறது.

அதற்கு முன்பே, 1990-இல், ஸ்பியர்ஸும் அவருடைய சகாக்களும் மாணவர்களை மூன்று மூன்று பேராகக் கணினி வழியே விவாதிக்க விட்டிருந்தார்கள். நீங்கள் எல்லாரும் ஒரே குழு என்று சொல்லி, ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் தனித்தனி அறையில் உட்காரவைத்தபோதுதான் குழுவின் கருத்துப் பக்கம் அதிகமாகச் சாய்ந்தார்கள். நேரில் பார்த்தால் இவன் வேறு, நான் வேறு என்று சட்டை, வயது, பேச்சு எல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கும். பார்க்காவிட்டால் அந்தச் செய்திகள் எதுவும் வராது. மிஞ்சுவது ஒரே செய்தி, இவன் நம்ம ஆள்.

இப்போது அந்த டி.பி.யைப் பாருங்கள். ஆயிரம் ஐடி, ஆயிரத்துக்கும் ஒரே முகம். அந்த முகத்துக்குப் பின்னால் பேங்க் மேனேஜர் இருக்கலாம், லாரி கிளீனர் இருக்கலாம், கரூர்ப் பையன் இருக்கலாம், யாரும் யாரையும் எந்த ஊர், எந்தத் தெரு, என்ன ஆளுங்க என்று கேட்பதில்லை. ஹாஸ்டலில் ஒருத்தரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளையை அங்கே இருநூறு பேர் "மாப்ள" என்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஒரு சமத்துவம் வேறு எங்கே இலவசமாகக் கிடைக்கிறது? திட்டுவதற்காக அவன் அங்கே போனதாக எனக்குத் தோன்றவில்லை. சேர்ந்துகொள்ளப் போனான், அங்கே சேர்ந்திருப்பதன் பாஷை திட்டாக இருந்தது. எந்தப் பதிவுக்கு லைக் விழுகிறது என்று பார்த்தே ஆசாரத்தைக் கற்றுக்கொள்கிறார்கள்.

நாயகன் சொன்னால் நிற்குமா? அஜித் 2011-இல் தன் மன்றங்களையே கலைத்தார். 2021-இல் 'தல' என்று அழைக்கவேண்டாம் என்றார், 2024-இல் 'கடவுளே அஜித்தே' கோஷத்தை நிறுத்தச் சொன்னார். சண்டை நின்றதா? முகம்தான் அவருடையது, வேஷம் ரசிகர்களுடையது. அதே ரசிகர்கள் நாயகன் பிறந்தநாளன்று வரிசையில் நின்று ரத்தம் கொடுக்கிறார்கள், அன்றைக்கு நர்ஸ் உடுப்பு.

இதையெல்லாம் இங்கிலாந்துப் பையன்களையும் அமெரிக்க மாணவிகளையும் வைத்தே நான் சொல்லவேண்டியிருப்பது எரிச்சலாக இருக்கிறது. சினிமாவிலிருந்து முதலமைச்சர்கள் வந்த மாநிலம் இது. எம்.ஜி.ஆர். பிம்பத்தை ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் ஆராய்ந்தார், மதுரை ரசிகர் மன்றங்களில் உட்கார்ந்து எழுத அமெரிக்காவிலிருந்து மானிடவியலாளர் சாரா டிக்கி வந்தார். கட்அவுட்டுக்கு ஊற்றுகிற பால் காசில் ஒரு பங்கு போதும், நம் கல்லூரிகளிலேயே இந்தச் சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

ஆசிரியைக்கு இதைச் சுருக்கமாக எழுதி, பையனுக்கு வேறு ஐடி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறதாம். டி.பி.யில் இளையராஜா. அதிலும் சொந்தப் பெயர் கிடையாது, ஆனால் எல்லாரையும் "ஐயா" என்கிறான், ஒரு பாட்டின் இரண்டாவது இடையிசையில் வருகிற வயலினைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறான், ஒரு எழுத்துப்பிழை இல்லை. ரஹ்மான் பேச்சை யாராவது எடுக்கும்வரை, என்று ஆசிரியை கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்.