தப்புச் சத்தமும் இராணுவச் சதியும்

“ஆப்பிரிக்காவுல நைஜர்ல ஜனாதிபதிக்குக் காவல் நின்ன ஆமிக்காரங்களே அவரப் புடிச்சு அடைச்சுட்டாங்களாமே சேர்? ஓட்டு வாங்கி வந்தவர எப்படி இவ்வளவு லேசா கவுத்தாங்க?” இலங்கை மலையகத்து ஹட்டனில் என் வகுப்புப் பிள்ளை கேட்டாள்.

வறுமை, முடியாத உள்நாட்டுச் சண்டை, படைக்குள் மனக்குறை, மக்கள் வெறுத்த அரசு: இவை தெரிந்த காரணங்கள்தான். ஆனால் இவை இருந்தும் பல நாடுகளில் ஆட்சி கவிழ்வதில்லை. எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

2018 டிசம்பரில் 1000 ரூபாய் நாள் சம்பளம் கேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்ததே, அதை நினைத்துப் பாருங்கள். விடியக்காலையில் லயத்து வரிசை வீட்டின் கதவைத் திறந்ததும் கண் போவது பக்கத்து வீட்டுக்கு. அவள் கூடையை எடுத்துவிட்டாளா? எல்லாரும் நின்றால் நானும் நிற்பேன். நான் மட்டும் நின்றால் அன்றைய பேர், அதாவது நாள் கூலி, போய்விடும்.

முகாமில் இருக்கும் ஒரு மேஜரின் நிலையும் இதுதான். அவருக்குப் போவது உயிர். ஜனாதிபதியைப் பிடிக்குமா என்பதைவிட, மற்றப் படைப்பிரிவுகள் எந்தப் பக்கம் சாயும் என்பதே அவருடைய கவலை. அதனால்தான் சதிகாரர்கள் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஓடுகிறார்கள். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்புப் பறை அடித்தால் எனக்கு மட்டுமா கேட்கிறது? எல்லாருக்கும் கேட்டது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அறிவிப்பின் பலம் அதில்தான்.

2023 ஜூலை 26 இரவு நைஜர் தொலைக்காட்சியில் கர்னல் தர அதிகாரி ஒருவர் அறிக்கை வாசித்தார். பின்னால் 9 சீருடைக்காரர்கள். வாசித்த தாளைவிட அந்த வரிசைதான் மற்ற முகாம்களுக்குச் சேதி. மறுநாளே இராணுவத் தலைமை, படைகளுக்குள் மோதலைத் தவிர்க்க என்று சொல்லி அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டது.

2022 இல் பெற்றோல் வரிசையில் “கொஞ்ச நாளைக்கு ஆமிகிட்ட குடுத்துப் பாக்கலாம்” என்று பேசியதைக் கேட்டு எனக்கு வயிறு கலங்கியது. ஒரு தடவை சதி ஜெயித்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கும் துணிச்சல் வந்துவிடும். நைஜரின் பக்கத்து நாடான புர்கினா பாசோவில் அந்த ஒரே வருடத்தில் இரண்டு முறை நடந்தது. இங்கேயும் 1962 ஜனவரி 27 இரவுக்கு ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டம் இருந்தது. ஒரு பொலிஸ் அதிகாரி மூலம் விஷயம் கசிந்து, தப்பு அடிக்கும் முன்பே அடங்கிப்போனது.

“அடிச்சப் பொறகு ஒண்ணும் செய்ய ஏலாதா சேர்?”

ஏலும். 1981 பெப்ரவரி 23 அன்று ஸ்பெயினில் ஆயுதக்காரர்கள் பாராளுமன்றத்தையே பிடித்து வைத்தார்கள். நள்ளிரவு தாண்டி, மன்னர் இராணுவச் சீருடையில் தொலைக்காட்சியில் வந்து, சதிக்குத் தன் ஆதரவு இல்லை என்றார். இப்போது எல்லா முகாமுக்கும் கேட்டது அந்தத் தப்பு. காலையில் பாராளுமன்றக் கட்டிடத்தின் ஜன்னல் வழியாகவே அந்த ஆயுதக்காரர்களில் சிலர் வெளியே குதித்துப் போனார்கள்.