இரு மடங்கு எடையில் ஒரு மரவாள்

ரோமப் படை என்றதும் சீசர், ஹன்னிபால், யானை என்று பேச்சு போய்விடும். எனக்கு, போர்க்கலை பற்றி நூல் எழுதிய ரோமர் வெஜிடியஸ் எழுதியதில் பிடித்தது, போர்க்களமே வராத பக்கங்கள்தான். 4ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில், பேரரசு தளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் எழுதியவர். குதிரை, கோவேறு கழுதைகளின் நோய்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். படைக்குப் புதிதாக வந்த பையனின் உடம்பை எப்படிப் பழக்குவது என்பதில்தான் அவருடைய போர்க்கலை நூலே தொடங்குகிறது.

ஆறு ரோம அடி உயரத்தில், ஏறக்குறைய ஆள் உயரம், ஒரு கம்பத்தை அசையாமல் நட்டுவிடுவார்கள். அதுதான் எதிரி. பையன் கையில் வாளுக்குப் பதில் மரக்கட்டை, இன்னொரு கையில் மெல்லிய குச்சிகளால் முடைந்த கேடயம். இரண்டும் நிஜ ஆயுதத்தைவிட இரு மடங்கு எடை. காலையிலும் பிற்பகலிலும் அந்தக் கம்பத்தின் முகத்தை, விலாவை, முழங்காலைக் குறிவைத்து முன்னேறி, பின்வாங்கி, தன் உடம்பைத் திறந்து காட்டாமல் அடித்துப் பழக வேண்டும்.

ஏன் இரு மடங்கு? பிறகு நிஜ வாளை எடுத்தால் லேசாக இருக்கும் என்கிறார். கனமானதைச் சுழற்றிவிட்டு உடனே லேசானதை எடுத்தால் வரும் அந்த உணர்வு பெரும்பாலும் மூளையின் மயக்கம். முந்தைய எடைக்காகப் போட்ட முயற்சிக் கணக்கு இன்னும் மாறவில்லை, அவ்வளவுதான், அதனால் கை வேகமாகிவிடாது. நிஜப் பலன் வாரக்கணக்கில் வருகிறது. முதல் சில வாரங்களில் தசை பெரிதாக வளர்வதில்லை, ஏற்கனவே இருக்கும் தசை இழைகளில் அதிகமானவற்றை ஒரே சமயத்தில் வேலை வாங்க நரம்புகள் பழகிக்கொள்கின்றன. அப்புறம்தான் தசை தடிக்கிறது. தினமும் இருமுறை என்ற விதிதான் இதில் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

அடுத்தது, வெட்டாதே, குத்து என்பது. வெட்டும்போது விசை வாளின் விளிம்பு நெடுகப் பரவுகிறது, கவசமும் எலும்பும் அதைத் தாங்கிவிடும்; கை உயர்வதால் அக்குளும் வலது விலாவும் எதிரிக்குத் திறந்துவிடும். குத்தும்போது அதே விசை ஒரு முனையில் குவிகிறது, அழுத்தம் பல மடங்காகிறது, உடம்போ கேடயத்தின் பின்னாலேயே இருக்கிறது. இரண்டு அங்குலம், அதாவது சுமார் 5 சென்டிமீட்டர், இறங்கினாலே உயிர் போகும் என்று அளவே கொடுக்கிறார்.

நடைக்கும் கணக்கு உண்டு. கோடைக்கால 5 மணி நேரத்தில் 20 ரோம மைல் (ஒரு ரோம மைல் சுமார் 1.48 கிலோமீட்டர்). பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தது ரோமர்களின் மணி, கோடையில் ஒன்று ஏறக்குறைய 75 நிமிடம் வரும். அப்படிப் பார்த்தால் மணிக்கு 4.7 கிலோமீட்டர். வேகநடை என்றால் அதே நேரத்தில் 24 மைல், மணிக்கு 5.7 கிலோமீட்டர். சுமையோடு நடந்தும் பழக வேண்டும், 60 ரோம பவுண்டு வரை, அதாவது சுமார் 20 கிலோ. வேகநடைக்கு மேல் போனால் அது ஓட்டம், அதற்குத் தூரம் வகுக்க முடியாது என்று அங்கேயே நிறுத்திவிடுகிறார். மனிதக் கால்கள் தாமாகவே நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் வேகம் இன்றைய அளவீட்டில் மணிக்குச் சுமார் 7 கிலோமீட்டர்.