காஸ்ட் அயர்ன் போனது சரிதானா? புல்லட் பட்டறையிலிருந்து சில எச்சரிக்கைகள்

புல்லட் ஓட்டுபவர்கள் நான்கு பேர் டீக்கடையில் நின்றால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இன்ஜினுக்கு வந்துவிடும். ஒருவர் "2010-க்கு அப்புறம் வந்தது எதுவும் புல்லட்டே கிடையாது" என்பார். "உங்கள் வண்டி ஒரு வாரமாவது ஆயில் ஒழுகாமல் நின்றிருக்கிறதா?" என்று இன்னொருவர் கேட்பார். இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய காஸ்ட் அயர்ன், நடுவில் வந்த யூ.சி.இ. (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜின்), இப்போதைய ஜே சீரிஸ் என்று எல்லா இன்ஜினையும் பிரித்து மாட்டுவதுதான் என் தொழில். இந்த விவாதத்தில் பேசப்படும் பாதிக் கருத்துகள் கொஞ்ச நாளில் உடைந்த பாகங்களாக என் மேஜைக்கு வந்து சேர்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எது போனது, எது வந்தது என்று பார்த்துவிடலாம். பழைய இன்ஜின் இங்கிலாந்தில் ரெட்டிச்சில் பிறந்த வடிவமைப்பு. இந்திய ராணுவம் 1950-களில் எல்லைப் பணிக்காக 350 சிசி புல்லட்டுகளை வாங்கியது. அதையொட்டி 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1970-க்குள் இங்கிலாந்தில் எல்லாம் மூடிவிட்டார்கள். இங்கே மட்டும் அதே இன்ஜின் 2010 வரை ஓடியது. போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மில்லிமீட்டர்; 346 சிசி. வார்ப்பிரும்பு சிலிண்டர், வால்வைத் திறக்கக் கீழிருந்து தள்ளும் புஷ் ராடு, தனியாகப் போல்ட் போட்டு மாட்டிய கியர் பாக்ஸ். இரண்டையும் இணைக்கும் பிரைமரி செயினுக்கு மேல் ஒரு பெரிய மூடி, அந்த மூடியைப் பிடித்து நிற்பது நடுவில் ஒரே ஒரு நட்.

அந்த ஒரு நட்டைப் பார்த்தாலே இன்ஜின் ஏன் மாற வேண்டியிருந்தது என்று புரிந்துவிடும். கசிகிறதே என்று இன்னும் கொஞ்சம் முறுக்குவார்கள். மூடி வளையும், கசிவு கூடும். ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்று தீர்மானிக்கும் பாயிண்ட் தேயத் தேய, அந்த நேரம், அதாவது டைமிங், நகரும். டைமிங் நகர்ந்தால் புகை மாறும். போன மாதம் சரியாக இருந்த வண்டி இந்த மாதம் சரியாக இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 2010-ல் பாரத் ஸ்டேஜ் 3 புகை விதி வந்தபோது, இப்படி ஆளுக்கு ஆள், வாரத்துக்கு வாரம் மாறும் ஒரு இன்ஜினை வைத்துக்கொண்டு தொழிற்சாலை ஒன்றும் செய்திருக்க முடியாது.

அதனால் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் போன யூ.சி.இ. வந்தது. போரும் ஸ்ட்ரோக்கும் அதே 70-க்கு 90தான். புஷ் ராடும் இருந்தது. ஆனால் சிலிண்டர் அலுமினியம், புஷ் ராடைத் தள்ளும் டேப்பட் ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும்), இக்னிஷன் எலக்ட்ரானிக். 2020-ல் மீட்டியார் என்ற மாடலோடு ஜே சீரிஸ் வந்தது: 72-க்கு 85.8, 349 சிசி, வால்வைத் திறக்கும் கேம் மேலேயே, உள்ளே அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸர் ஷாஃப்ட். 2021-ல் கிளாசிக்குக்கும் 2023-ல் புல்லட்டுக்கும் அதே இன்ஜின் வந்துவிட்டது.

மாற்றியது சரி என்பதுதான் என் கருத்து. காஸ்ட் அயர்ன் சத்தத்தைக் கேட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். இன்றைக்கும் ஒரு நல்ல 350 ஸ்டாண்டர்டு வாசலில் வந்து நின்றால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு எழுந்து போவேன். ஆனாலும் அந்த இன்ஜின் ஓட்டுபவரிடம் எதிர்பார்க்கும் கவனத்தை, காலையில் எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்பும் ஒருவரிடம் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. விவாதத்தில் யார் ஜெயித்தாலும் எனக்குக் கவலை இல்லை. ஒரு இன்ஜினின் பழக்கத்தை இன்னொரு இன்ஜினில் கொண்டுபோய் வைக்கிறார்களே, அதுதான் கவலை.

உதாரணத்துக்கு, அந்த டுப்பு டுப்பு. நீண்ட ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிப்பு, அதற்கு ஏற்ற சைலன்சர். எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சத்தம். அதை இன்னும் நிதானமாக, எண்ணி எண்ணிக் கேட்க வேண்டும் என்று ஐடிலிங் ஸ்க்ரூவைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். சிக்னலில் நிற்கும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆயில் பம்பைச் சுற்றுவதும் பிஸ்டன் சுழற்றும் அந்தக் கிராங்க் தண்டுதான். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். காஸ்ட் அயர்னில் பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனையில் பெரும்பாலும் மிதக்கும் புஷ் என்ற உலோக வளையம் இருக்கும். அது நிற்பதே ஆயில் படலத்தின் மேல்தான். நெரிசலில், வெயிலில், சூடான மெல்லிய ஆயிலோடு செத்துச் செத்துப் பிழைக்கும் ஐடிலிங்கில் அரை மணி நேரம் நின்றால் அந்தப் படலத்தின் கதி என்ன? கீழிருந்து "டொக் டொக்" என்று தட்டல் வரும்போதுதான் என்னிடம் வருகிறார்கள். அப்போது கிராங்க்கையே வெளியே எடுக்க வேண்டும்.

ஜே சீரிஸ்காரர்கள் வேறு வழியில் போகிறார்கள். சத்தம் போதவில்லை என்று கம்பெனி சைலன்சரைக் கழற்றி வெற்றுக் குழாய் மாதிரி ஒன்றை மாட்டுகிறார்கள். கழற்றிப் போட்டதோடு புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போய்விடுகிறது. பெட்ரோல் கலவையை அளந்து கொடுக்கும் ஆக்சிஜன் சென்சார் குழம்புகிறது. போலீஸ் பிடித்தால் அபராதம். இத்தனைக்கும் பிறகு வருவது பழைய புல்லட் சத்தமும் அல்ல, அக்கம்பக்கத்தில் தூங்கும் குழந்தையை எழுப்பும் ஒரு சத்தம்.

அடுத்தது ஆயில். சமீபத்தில் ஒரு தம்பி தாத்தாவின் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். பின் சக்கரம், செயின், நம்பர் பிளேட் எல்லாம் ஆயில்.

"அண்ணே, இன்ஜின் போயிடுச்சா?"

"எத்தனை நாள் நிறுத்தி வெச்சிருந்தீங்க?"

"ரெண்டு மாசம். எடுக்கும்போது ஆயில் பார்த்தேன், ஸ்டிக்கில் ஒண்ணுமே இல்லை. முழுசா ஊத்தினேன்."

இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. காஸ்ட் அயர்னில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸோடு சேர்ந்த தனி அறை. ரொம்ப நாள் நிறுத்தி வைத்தால் அந்த அறையில் இருக்கும் ஆயில் பம்பு வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் சுற்றும் பகுதிக்கு இறங்கிவிடும். ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் காலி என்று காட்டும். அதை நம்பி மேலே ஊற்றினால் அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஸ்டார்ட் செய்ததும் மிச்சம் எல்லாம் இன்ஜினுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றும் பிரீதர் பைப் வழியாக வெளியே வரும். இந்த வண்டியில் ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டு, ரிட்டர்ன் பம்பு ஆயிலை மேலே ஏற்றிய பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். இன்ஜின், பிரைமரி கேஸ், கியர் பாக்ஸ் என்று மூன்று இடத்துக்கும் தனித்தனி அளவு உண்டு. ஒன்றில் ஊற்றினால் இன்னொன்றுக்குப் போகாது. பல வண்டிகளில் கியர் பாக்ஸ் வருடக்கணக்கில் காய்ந்து கிடப்பதைப் பார்க்கிறேன்.

யூ.சி.இ.யிலும் ஜேயிலும் நிலைமை நேர் எதிர். இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. "நல்ல விலை உயர்ந்த கார் ஆயில்" என்று ஊற்றினால் அதில் உராய்வைக் குறைக்கச் சேர்த்திருக்கும் பொருள் கிளட்ச் பிளேட்டை வழுக்க வைக்கும். டப்பாவில், ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற தரக் குறி போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டேப்பட்டுக்கு வருகிறேன். "சத்தம் வருது, டைட் பண்ணிக் கொடுங்க." நான் தினமும் கேட்கும் வேண்டுகோள் இது. காஸ்ட் அயர்னில் லேசான டேப்பட் சத்தம் ஆரோக்கியமானது. இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த பிறகு, பிஸ்டனை கம்ப்ரஷனில் மேலே கொண்டுவந்து, வலது பக்கச் சின்ன மூடியைக் கழற்றிப் பாருங்கள். புஷ் ராடு விரலால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. சத்தமே வரக் கூடாது என்று இறுக்கினால், சூடானதும் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோகும். "சூடா இருந்தா ஸ்டார்ட் ஆகலை" என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் கை வைப்பது இங்கேதான்.

யூ.சி.இ.யில் இந்த வேலையே கிடையாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி டிக் டிக் என்று வந்து, ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் ஆயில் அளவைப் பாருங்கள், ஸ்பேனரைத் தேடாதீர்கள். ஜேயில் ஹைட்ராலிக் டேப்பட் இல்லை. வால்வு இடைவெளியை சர்வீஸ் அட்டவணைப்படி பார்க்க வேண்டும். "புது வண்டிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பேட்டரி விஷயத்திலும் இதே கதைதான். பழைய வண்டி பேட்டரி பலவீனமாக இருந்தாலும் நாலு உதையில் எழுந்துவிடும். அந்த நினைப்பில் யூ.சி.இ.யில் "டொர்ர்" என்று இழுத்துக்கொண்டே செல்ஃப் பட்டனை அழுத்தினால், கிராங்க் திருப்பி அடிக்கும் வேகத்தில் ஸ்டார்ட்டரை இன்ஜினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் போய்விடும். கிக்கர் இருக்கும் வண்டியில் கிக்கரைப் பயன்படுத்துங்கள். ஜேயில் கிக்கரே இல்லை, பேட்டரியை ஒழுங்காக வைத்திருப்பது ஒன்றே வழி.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. நாலு வழிச் சாலையில் புதிய வண்டிகளோடு சேர்ந்து குழுவாகப் போகும் காஸ்ட் அயர்ன்காரர்கள் மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வார்ப்பிரும்பு அலுமினியத்தைவிட மெதுவாகத்தான் சூட்டைக் கடத்தும். அலுமினிய பிஸ்டன் அதற்குள் வேகமாக விரியும். புதிதாக ரீபோர் செய்த (சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்ட) வண்டியென்றால் ஆபத்து இன்னும் அதிகம். மணிக்கு 60, 70-ல் நாள் முழுக்க ஓடும் இன்ஜின், மே மாத மதியத்தில் 90-ல் விடாமல் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். முன்னால் போகும் நண்பர்கள் காத்திருக்கட்டும்.

விவாதத்தில் மனம் மாறி "ஒரு ஒரிஜினல் காஸ்ட் அயர்ன் வாங்கிவிடலாம்" என்று கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. கடைசியாக வந்த வண்டிகளே 2010-ஐச் சேர்ந்தவை. அதாவது இன்று விற்பனைக்கு வரும் காஸ்ட் அயர்ன் எல்லாமே 15 ஆண்டைத் தொட்டவை அல்லது தாண்டியவை. ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா, எது வரைக்கும் என்பதைப் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் பாருங்கள். ஒவ்வொரு புதுப்பிப்பும் ஐந்து ஆண்டுக்குத்தான். இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள், விற்பவர் வாசித்துக் காட்ட வேண்டாம். எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். டீசல் புல்லட்டின் சேசிஸில் பெட்ரோல் இன்ஜின் ஏற்றிய வண்டியாக இருக்கலாம். ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் இல்லாத இன்ஜின் மாற்றம் சட்டப்படி செல்லாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் அங்கேதான் கேள்வி கேட்கும்.

பாகங்கள் கிடைக்குமா என்று பயப்படுகிறார்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் இன்னும் கிடைக்கும், தரம்தான் சிக்கல். பிஸ்டன், வால்வு, பாயிண்ட் இந்த மூன்றிலும் மலிவு பார்க்காதீர்கள். பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களையும் வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறி, உப்பி, விரிசல் விடும். சூடான சிலிண்டருக்கு மேலே பெட்ரோல் சொட்டுவதைவிட மோசமான ஒன்று இந்த வண்டியில் கிடையாது.

இதையெல்லாம்விட என்னை அதிகம் பயமுறுத்துவது வலது கால். பழைய 4 கியர் வண்டியில் கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். மேலே ஒன்று, கீழே மூன்று. பல்சரிலோ கிளாசிக்கிலோ பழகிய கால், குறுக்கே ஆள் வந்தால் யோசிக்காமல் வலது பெடலை மிதிக்கும். காஸ்ட் அயர்னில் அங்கே இருப்பது கியர் லீவர், கீழே மிதித்தால் அடுத்த கியர் விழும். பிரேக் பிடிக்க வேண்டிய நொடியில் வண்டி ஒரு கியர் மேலே போயிருக்கும். முன்னால் இருப்பது டிரம் பிரேக், ஏ.பி.எஸ். கிடையாது. நண்பரிடம் "ஒரு ரவுண்டு கொடுடா" என்று சாவி வாங்கிப் போகிறவர்கள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கடைசி காலத்தில் இடப்பக்கக் கியரோடு வந்த 5 கியர் எலக்ட்ராவில் இந்தத் தொல்லை இல்லை. மற்ற எந்தப் பழைய வண்டியையும் வீட்டுக்குப் புதிதாக எடுத்து வந்தால், முதல் வாரம் ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். காலி மைதானத்தில், இருபதில் ஓட்டி, யாராவது ஒருவரைத் திடீரென்று கைதட்டச் சொல்லி, இடது கால் தானாகக் கீழே போகும் வரை பிரேக் பிடித்துப் பழகுங்கள். இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் காலையில் எதை எடுக்கிறார்களோ, தெருமுனை வரை மெதுவாகப் போய் ஒரு முறை பிரேக் மிதித்துப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டில் ஏறுங்கள்.